வாளித் தண்ணீரில் சுத்தியல்

டொராண்டோவில் என் மகள் வீட்டில் ஹீட்டர் ஓடத் தொடங்கி மூன்றாவது வாரத்தில் சுத்தியல் தலை ஆட ஆரம்பிக்கும். ஜூலையில் இறுகிவிடும். நான்கு குளிர்காலம் எண்ணிவிட்டேன். சூடாக்கிய காற்று மரப்பிடியின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. போன மாதம் அலமாரி அடிக்க உதவ வந்த பக்கத்து வீட்டு வால்டர், தலை ஆடுவதைப் பார்த்துவிட்டுச் சுத்தியலை வாளித் தண்ணீரில் போட்டார். "காலையில் இறுகிவிடும்" என்றார். நான் பாய்ந்து வெளியே எடுத்தேன். "மன்னியுங்கள், உங்கள் தந்தையின் நினைவுப்பொருளா?" என்று கேட்டார். கடையில் வாங்கியது என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

எண்பதுகளில் நான் இராஜபாளையத்தில் ஒரு நூல்மில்லில் பராமரிப்பு மேற்பார்வையாளன். நூல் அறாமலிருக்க ஸ்பின்னிங் ஷெட்டில் எப்போதும் ஈரக்காற்று ஓடும். மில் தச்சர் சங்கரலிங்கம் ஆசாரியின் கருவிகள் அங்கேதான் இருக்கும். ஒரு சித்திரையில், ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்கா கட்டிய வீட்டுக்கு வாசல் நிலை செய்ய அவரை அழைத்துப்போனேன். நிலை வைப்பதற்கு முந்தின நாள் மாலை, மரம் செதுக்கும் வாச்சியை ஆட்டிக் காட்டினார்.

"ஷெட்டு ஈரத்துல இருந்த பிடி சார். இந்த ஊரு வெயிலுக்குக் காஞ்சு இளைச்சுப் போச்சு. காஞ்ச கட்டை தேடிப் புதுசு போடணும். ரெண்டு நாளு பொறுங்க."

"நாளைக்குப் பதினொன்றரையோட நல்ல நேரம் முடியுது ஆசாரி. ராத்திரி தண்ணியில போடும், இறுகிரும்."

"இறுகும் சார். காஞ்சா முன்னைவிட மோசமா ஆடும்."

"காயிறதுக்குள்ள முடியும்."

காலையில் வாச்சியை வாளியிலிருந்து எடுத்து ஒன்பது முறை தட்டிப் பார்த்தேன், அசையவில்லை. ஏழு மணியிலிருந்து வெயிலில் வேலை. பதினொன்று பத்துக்கு இரும்பு கழன்று பறந்து, மரத்தின் மறுமுனையைப் பிடித்திருந்த அக்காவின் கணவரது இடது கண்ணில் அடித்தது. அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு நிலையைத் தூக்கி நிறுத்தினோம். நல்ல நேரத்தில் இரண்டு நிமிடம் மிச்சம் இருந்தது.

கண் போய்விட்டது. ஆசாரியின் கவனக்குறைவு என்றார்கள் எல்லோரும். மில்லிலும் அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவர் என்னை ஒருமுறை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நானும்தான்.

வால்டர் வந்துபோன மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, அக்காவின் கணவருக்குப் போன் செய்தேன். இங்கே காலை ஒன்பது, அங்கே இரவு ஏழரை.

"மச்சான், அன்னைக்கு வாச்சியத் தண்ணியில போடச் சொன்னது நான்தான்."



"தெரியும் மாப்ள. வாளியில கெடந்ததப் பாத்தேன். பொறவு ஆசாரிகிட்டக் கேட்டேன். சார் சொன்னாருன்னான்."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"நீயே சொல்லுவேன்னு இருந்தேன். நீ பிளேன் ஏறிட்ட."

"ஆசாரி இப்ப எங்க?"

"சேத்தூர்ல கெடக்கான். எங்கிட்டச் சொல்லி என்ன? அவன்ட்டப் போய்ச் சொல்லு."

ஊருக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன், பயணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள். இங்கே பனி விலகவில்லை, விமான நிலையம்வரை கனத்த கம்பளிக் கோட்டு இல்லாமல் முடியாது. அங்கே பங்குனி வெயில். மச்சான் வீட்டில் அதைக் கழற்றி மாட்ட எனக்கு முகமில்லை. சேத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, அந்தக் கோட்டைக் கையில் சுமந்துகொண்டுதான் ஆசாரியின் வீட்டை விசாரிக்க வேண்டும்.