பெக்கோ கக்கிய கரும்புகை

தொண்ணூறுகளில் பூனாகலைப் பாதையில் சரிந்த மண்ணை அள்ள, ஒரு காலையில் தேயிலைத் தோட்டத்து பெக்கோ இயந்திரத்தைக் கிளப்பியதும் அது கரும்புகை கக்கியது. மெக்கானிக்கான நான்தான் முதலில் பதறினேன்.

"தொரை, இவன் டீசலைத் திருடிட்டு மண்ணெண்ணெய ஊத்திட்டான்!" என்று டிரைவர் முத்தையாவைக் காட்டிக் கத்தினேன். தோட்ட மேலாளரான துரை அவரை அப்போதே வேலையை விட்டுப் போகச் சொன்னார்.

டேங்கைக் கழுவிப் புது டீசல் ஊற்றியும் புகை அடங்கவில்லை. எஞ்சினுக்குக் காற்றுப் போகும் குழாயைப் பார்த்தேன். முதல்நாள் மழைக்குப் பயந்து நானே கட்டிய கொழுந்துச் சாக்கு, நனைந்து அதை அடைத்திருந்தது.

இன்னும் போகாமல் நின்ற முத்தையா சாக்கைப் பிழிந்தார். "ஏண்ணே, மண்ணெண்ணெயில இப்ப நூலெல்லாம் வருதா?"

சுற்றி நின்ற கூட்டமே சிரித்தது. அத்தனை பேர் முன்னாலும் துரையிடம் என் தப்பைச் சொன்னேன். முத்தையாவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. நான் அவர் முகத்தைப் பார்க்க ஒரு மாதமானது.

இப்போதெல்லாம் கரும்புகையைக் கண்டால் முதலில் காற்றுக்குழாயைத் திறக்கிறேன். வாயைக் கடைசியில்தான்.