குப்பையில் போட்ட வயர்

இது நடந்து மூன்று வருடமாகிறது. அப்போது நாங்கள் கொல்கத்தாவை ஒட்டிய சாந்த்ராகாச்சியில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். எனக்கு கார்டன் ரீச்சில், ரயில்வே தலைமை அலுவலகத்தில் வேலை. சொந்த ஊர் திருச்சிப் பக்கம் என்றாலும் வேலை கிடைத்தது இங்கேதான்.

தினமும் இரண்டு பஸ் மாறி ஆற்றைத் தாண்டிப் போய்வருவது அலுத்துப்போயிருந்தது. ஓய்வு பெற்று ஊருக்குக் கிளம்பிய சக ஊழியர் ஒருவரிடமிருந்து அவருடைய பழைய மோட்டார் சைக்கிளை வாங்கினேன். எழுபதுகளில் வந்த வண்டி. என்ஜினில் ஒரு குறையும் இல்லை, உதைத்தவுடன் கிளம்பிவிடும். வெளிச்சம்தான் போதவில்லை. ஆறு வோல்ட் பாட்டரி என்பதால் ஹெட்லைட் போட்டால் அகல் விளக்கு மாதிரி எரியும். எதிரே வருகிறவர்களுக்கு நாம் வருவது தெரிந்தால் அதுவே பெரிது. ஹாரன் சத்தம் எனக்கே சரியாகக் கேட்காது.

பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். நான் எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்தவன். அந்தக் கர்வம் கொஞ்சம் உண்டு. மேம்பாலத்துக்கு அடியில் கடை வைத்திருந்த ஆட்டோ எலெக்ட்ரீஷியன் காயிலை மட்டும் மாற்றிக் கட்டிக் கொடுத்தார். மற்றதை நானே பொருத்திக்கொள்கிறேன் என்றேன். அவர் இரண்டு விஷயம் சொல்லி அனுப்பினார். விளக்குக்கு ஒரு ஃப்யூஸ், என்ஜினுக்கு ஒரு ஃப்யூஸ் என்று தனித்தனியாகப் போட வேண்டும். ஹெட்லைட் கிண்ணத்தின் பின்பக்க ஓட்டையில் வயர் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம் இருக்க வேண்டும். இதெல்லாம் எனக்கா தெரியாது என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அந்த வேலை நடந்தது. எனக்குத் துணையாக இருந்தவர் கீழ்வீட்டு அண்ணன். அவர் சரக்கு ரயில் ஓட்டும் டிரைவர். தமிழர்தான், ஆனால் தாத்தா காலத்திலேயே காரக்பூருக்கு ரயில்வே வேலைக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம். அவர் பேசும் தமிழில் பாதி வங்காளம் கலந்திருக்கும். அவர் மனைவியை நாங்கள் அண்ணி என்போம். ஒரே மகள், பத்தாம் வகுப்பு. அடுத்த மாதம் அண்ணனுக்குப் பயணிகள் ரயில் ஓட்டும் பயிற்சி தொடங்க இருந்தது. பத்தொன்பது வருடம் நிலக்கரி வண்டி இழுத்தவர். இனி மனிதர்களை ஏற்றிக்கொண்டு போகப் போகிறேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

புது பாட்டரி பழையதைவிடப் பெரியது. அதன் தட்டை ரம்பத்தால் அறுத்து அகலப்படுத்தினேன். அதனால் சீட்டுக்கு அடியில் இருந்த இடம் போய்விட்டது. இரண்டு ஃப்யூஸ் வைக்கும் பெட்டி உள்ளே போகவில்லை. எல்லாவற்றையும் ஒரே ஃப்யூஸில் சேர்த்துவிட்டேன். ஹெட்லைட் கிண்ணத்தின் பழைய ரப்பர் வளையம் கையில் எடுத்ததும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. நான் வாங்கி வைத்திருந்த புது வளையம் அந்த ஓட்டைக்குச் சிறியது. கடைக்குப் போக வேண்டும், அன்று நல்ல மழை. வயருக்கு இரண்டு சுற்று இன்சுலேஷன் டேப் சுற்றி நுழைத்துவிட்டேன்.

டார்ச் பிடித்துக்கொண்டிருந்த அண்ணன் குனிந்து பார்த்தார்.

"வெறும் டேப் போதுமாப்பா? சோல்பே, சரிப்படுமா?"

"போதும்ணா. அடுத்த வாரம் மாத்திக்கலாம்."

சாயங்காலம் விளக்கைப் போட்டதும் எதிர் பிளாக்கின் சுவர் முழுதும் வெள்ளையாகத் தெரிந்தது. குழந்தைகள் ஓடி வந்து அந்த வெளிச்சத்தில் நிழல் காட்டி விளையாடினார்கள். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. நானும் மறந்துவிட்டேன்.

ஜூலை மாதம், விளக்கு வைக்கிற நேரம். மகளை டியூஷனிலிருந்து அழைத்துவர வேண்டும், ஸ்கூட்டர் பஞ்சர் என்று அண்ணன் மேலே வந்தார். சாவியைக் கொடுத்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் கழித்து அவருடைய போனிலிருந்து யாரோ முன்பின் தெரியாதவர் பேசினார். ரயில்வே யார்டின் மதில் ஓரமாகப் போகும், தெருவிளக்கு இல்லாத சாலையில் வண்டி கருங்கல் ஜல்லிக் குவியலில் ஏறிக் கவிழ்ந்திருந்தது. தோள்பட்டை எலும்பு முறிவு, தலையிலும் அடி. ஹெல்மெட் போட்டிருந்ததால் உயிர் தப்பியது. மகள் டியூஷன் வாசலிலேயே நனைந்தபடி காத்திருந்தாள். திரும்பி வரும்போது நடந்திருந்தால் அவளும் பின்னால் உட்கார்ந்திருப்பாள்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் அண்ணனுக்கு நன்றாக நினைவு வந்துவிட்டது. டாக்டர் கேட்டபோது நான் கட்டில் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். திடீரென்று எல்லாம் இருட்டாகிவிட்டது, அதற்குமேல் எதுவும் ஞாபகம் இல்லை என்றார் அண்ணன். முன்பு எப்போதாவது இப்படி ஆகியிருக்கிறதா, வீட்டில் யாருக்காவது வலிப்பு உண்டா என்று டாக்டர் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார்.

மத்தியானம் நான் வண்டியை எடுக்கப் போனேன். அதைத் தூக்கி ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தி வைத்திருந்தார்கள். ஹெட்லைட் கண்ணாடி உடைந்திருந்தது. வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்து கிண்ணத்தைக் கழற்றினேன். ஓட்டையின் விளிம்பு டேப்பையும் வயரின் தோலையும் அறுத்திருந்தது. ஹேண்டிலைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்திருக்க வேண்டும். செம்பு வெளியே வந்து, இரும்பைத் தொட்ட இடத்தில் கருகியிருந்தது. ஃப்யூஸ் போயிருந்தது. ஒரே ஃப்யூஸ். விளக்கும் என்ஜினும் ஒரே நொடியில் செத்திருக்கும். மழையில், விளக்கில்லாத சாலையில், அவருக்கு எல்லாம் இருட்டாகாமல் என்ன செய்யும்?

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். மறுநாள் போலீஸ் கேஸாகிவிட்டால் என் வேலை என்னாகும் என்று பயம் வந்தது. அதற்கடுத்த நாள், அவர்தான் குணமாகி வருகிறாரே, இப்போது சொல்லி என்ன ஆகப் போகிறது என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை புது வயர் போட்டேன். இந்த முறை சரியான ரப்பர் வளையம் தேடி வாங்கிவந்து பொருத்தினேன், ஃப்யூஸும் இரண்டு. கருகிய வயரைச் சுருட்டிக் காகிதத்தில் பொதிந்து குப்பையில் போட்டேன். காலையில் விசில் ஊதிக்கொண்டு வரும் தள்ளுவண்டியில் அது போய்விட்டது.

ஆறு வாரத்தில் எலும்பு கூடியது. ஆனால் வேலைக்குத் தகுதி என்ற சான்று மட்டும் கிடைக்கவில்லை. தலையை ஸ்கேன் செய்தார்கள், இதயத்தைச் சோதித்தார்கள். எதிலும் கோளாறு இல்லை. இருந்தாலும், ஓட்டிக்கொண்டிருக்கும்போது திடீரென்று இருட்டாகிவிட்டது என்று சொன்ன மனிதர் கையில் ரயிலை எப்படிக் கொடுப்பார்கள்? அவர்கள் மேல் தப்பே இல்லை. பயணிகள் ரயில் பயிற்சிக்கு வேறொருவர் போனார்.

கீழ்வீட்டில் எல்லாம் மாறியது. அவர் குளிக்கும்போது தாழ்ப்பாள் போடக் கூடாது என்று அண்ணி சொல்லிவிட்டார். உள்ளே மயங்கி விழுந்தால் கதவை உடைக்க வேண்டியிருக்குமே. கடைக்குப் போனால் மகள் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே போவாள். முதலில் ஜன்னலோரம் நாற்காலி போட்டு யார்டில் போகும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுவிட்டார். நான் பழம் வாங்கிக்கொண்டு போவேன், பக்கத்தில் உட்காருவேன், சொல்ல வாயெடுப்பேன், வேறெதையாவது பேசிவிட்டுத் திரும்புவேன். வாங்கிக்கொண்டு போன பழத்தையும் அவர் எனக்கே நறுக்கித் தருவார்.

ஒருநாள் நான் ஆபீஸிலிருந்து வரும்போது எங்கள் வீட்டில் அண்ணி உட்கார்ந்திருந்தார். அழுது முகம் வீங்கியிருந்தது. இந்த வியாதி பரம்பரையாக வருமோ என்று அண்ணனுக்குப் பயம் பிடித்துக்கொண்டதாம். மகளுக்கும் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறாராம். அந்தப் பெண் முந்தின நாள் பள்ளிக்கூடத்தில் வெயிலில் நின்று லேசாகத் தலை சுற்றியதற்கே, தனக்கும் அப்பாவைப் போல வந்துவிட்டது என்று தேம்பித் தேம்பி அழுதாளாம்.

அண்ணி கீழே போனதும் நான் என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கும் அதுவரை தெரியாது. என்னை அவள் பார்த்த பார்வையை எழுத எனக்கு வார்த்தை இல்லை.

"இப்பவே கீழ போங்க. சாப்பிட்டுட்டுப் போறேன்னு சொல்லாதீங்க."

போனேன். அண்ணனும் அண்ணியும் இருந்தார்கள், மகள் உள்ளே படித்துக்கொண்டிருந்தாள். வயர், டேப், ஃப்யூஸ், நான் மறைத்தது எல்லாவற்றையும் தலையைக் குனிந்தபடியே சொல்லி முடித்தேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மனசு கலங்கினால் அவருக்கு வங்காளம்தான் முதலில் வரும்.

"ஷொத்தி? நெஜமாவா? அப்ப எனக்கு மயக்கம் வரலையா?"

"வரலண்ணா. லைட்டுதான் போச்சு. உங்களுக்கு ஒண்ணுமில்ல."

மறுபடியும் கேட்டார். மூன்றாவது தடவையும் கேட்டார். மூன்று தடவையும் அதையே சொன்னேன். பிறகு மகளைக் கூப்பிட்டு, நமக்கு அந்த வியாதி இல்லையாம் என்று சொன்னார். என் பக்கம் திரும்பாமல் எழுந்து துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அண்ணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். டேப் போதுமா என்று தான் அன்றைக்குக் கேட்டது அண்ணனுக்கு நிச்சயம் ஞாபகம் இருந்திருக்கும். அதை அவர் சொல்லிக்காட்டவே இல்லை, அன்றும் சரி, பிறகும் சரி.

மறுநாளே அண்ணனோடு அந்த ஆஸ்பத்திரி டாக்டரிடம் போனேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: அந்த வயர் எங்கே? தூக்கி எறிந்துவிட்டேன் என்றேன். போட்டோ? எடுக்கவில்லை. வண்டி இப்போது எப்படி இருக்கிறது? சரிசெய்துவிட்டேன். அவர் பேனாவை மூடி வைத்தார். நீங்கள் இவருடைய பக்கத்து வீட்டுக்காரர், நண்பர், ஏழு வாரம் கழித்து வந்து சொல்கிறீர்கள், எழுதித் தாருங்கள், ஃபைலில் சேர்க்கிறேன், ஆனால் முதல் நாள் இவரே சொன்னதை என்னால் அடிக்க முடியாது என்றார். அவர் குரலில் கடுமை இல்லை. நண்பனின் வேலையைக் காப்பாற்றப் பொய் சொல்ல வந்தவனாகத்தான் அவர் கண்ணுக்கு நான் தெரிந்திருக்கிறேன். என் வாழ்நாளில் அவ்வளவு முழு உண்மையை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மூன்று பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மேம்பாலத்தடி எலெக்ட்ரீஷியனும் தான் சொல்லி அனுப்பியதை எழுதிக் கொடுத்தார். குளிர்காலம் தொடங்கும்போது மருத்துவக் குழுவின் முடிவு வந்தது. இனி ரயில் ஓட்டும் பணி இல்லை. டிரைவர்களுக்கு டியூட்டி போடும் அலுவலகத்தில் மேஜை வேலை. பத்தொன்பது வருடம் ஓட்டியவர், எந்த வண்டிக்கு யார் போக வேண்டும் என்று மற்றவர்களைப் போனில் கூப்பிட்டுச் சொல்லும் வேலையில் உட்கார்ந்தார்.

அண்ணி என்னைத் திட்டவில்லை. அதுவரை தம்பி என்று கூப்பிட்டவர் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்க மேலே வரும் மகளும் வரவில்லை. படிக்கட்டில் எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிடுவாள். வண்டியை நான் அதன்பிறகு தொடவில்லை. வருகிற போகிறவர்கள் விலைக்குக் கேட்டார்கள், கொடுக்கவும் மனம் வரவில்லை. பிளாக்குக்குப் பின்னால் தார்ப்பாய் போர்த்தி நின்றது.

அடுத்த வருடம் எங்களுக்கு கார்டன் ரீச்சிலேயே குவார்ட்டர்ஸ் கிடைத்து வீடு மாற்றினோம். சாமான் ஏற்றும்போது அண்ணன் மட்டும் வெளியே வந்து நின்றார். இரண்டு பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார். லாரி கிளம்பும்போது என் தோளில் கை வைத்தார்.

"நீ வந்து சொன்னதுல எனக்கு ஒரு நல்லது நடந்துச்சுப்பா. பயமில்லாம இருக்கேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "மொத நாளே சொல்லியிருக்கலாம்ல" என்றார்.

அவர் என்னிடம் சொன்ன ஒரே குறை அதுதான்.

கடைசியிலாவது உண்மையைச் சொல்லிவிட்டீர்கள் என்று என் மனைவி சில சமயம் ஆறுதல் சொல்கிறாள். ஆனால் அந்த உண்மை அண்ணனுக்குத் தேவைப்பட்ட ஏழு வாரமும் அது என் வாய்க்குள்தான் இருந்தது என்பதை நான் ஒரு நாளும் மறந்ததில்லை.