அண்ணன் கேட்ட சிலாக்கிலேஸ்

காரில்லாமல் ரொறொன்ரோவில் எங்கெங்கே போகலாம், எந்த பஸ்ஸைப் பிடிக்கலாம் என்பதைத்தான் இந்த வலைப்பூவில் இதுவரை எழுதி வந்திருக்கிறேன். நேரம், காசு, தூரம் மூன்றையும் குறித்துக்கொள்ளாவிட்டால் எனக்குப் பயணம் போன மாதிரியே இருக்காது. இந்தப் பயணத்தையும் அப்படித்தான் குறித்து வைத்தேன். ஆனால் எழுதுவதற்கு ஐந்து மாதமாயிற்று.

போனது ஒரு சனிக்கிழமை, ஒக்ரோபரில். அன்று என் அண்ணனின் ஆட்டைத் திவசம், அவர் இறந்து ஒரு வருடம். மதியம் பன்னிரண்டு மணிக்கு ரெக்ஸ்டேலில் அண்ணி வீட்டில் படையல். அதற்கு முன் நான் ஒரு மெக்சிக்கன் கடைக்குப் போய் ஒரு சாப்பாடு வாங்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

அண்ணன் லான்ஸ்டவுன் பக்கத்தில் பாண், அதாவது பிரெட், சுடும் ஒரு தொழிற்சாலையில் பதினொரு வருடம் இரவு வேலை செய்தவர். சனிக்கிழமை விடிய வேலை முடிந்ததும், அந்தக் கடை திறக்கும்வரை காத்திருந்து சிலாக்கிலேஸ் சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். முதல் நாள் மிஞ்சிய சோள ரொட்டியை முக்கோணமாக வெட்டிப் பொரித்து, கொதிக்கிற தக்காளி மிளகாய்ச் சோஸில் ஒரு பிரட்டுப் பிரட்டி, மேலே சீஸும் வெங்காயமும் தூவித் தருவார்கள். மிஞ்சிய ரொட்டியில் நாங்கள் கொத்துரொட்டி போடுவதில்லையா, அதுபோல அது அவர்களுடைய காலைச் சாப்பாடு.

மருத்துவமனையில் இருந்தபோது ஒரு செவ்வாய்க்கிழமை அண்ணன் கேட்டார்: "தம்பி, உந்த மெக்சிக்கன் கடைச் சாப்பாட்டை ஒருக்கா வாங்கிக்கொண்டு வாறியே?"

"உறைப்பும் புளிப்பும் உங்கட வயித்துக்கு ஒத்துவராது அண்ணை. சுகமாகி வாங்கோ, ரெண்டு பேருமாப் போய்ச் சாப்பிடுவம்" என்றேன். அடுத்த நாள் இடியப்பமும் சொதியும் கொண்டுபோனேன். வருத்தக்காரருக்கு நாங்கள் வேறென்ன கொண்டுபோவோம்? இரண்டு வாய் சாப்பிட்டு மூடி வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் போய்விட்டார். ஒரு வருடமாக அந்த இடியப்பம் என் தொண்டையில்தான் இருக்கிறது. படையலிலாவது அதை வைத்துவிட வேண்டும் என்றுதான் கிளம்பினேன்.

வோபர்னில், மார்க்கம் வீதியும் லோறன்ஸும் சந்திக்கும் இடத்தில் 7:42க்கு 102ஆம் இலக்க பஸ். கட்டணம் 3.30 டொலர். வார்டன் நிலையத்துக்கு 8:14. அங்கிருந்து மேற்கே போகும் சப்வேயில் லான்ஸ்டவுன், 8:54. பிறகு ஆறு நிமிட நடை. மொத்தம் இருபத்தைந்து கிலோமீற்றருக்குள்தான் வரும். பதினொரு வருடத்தில் ஒரு தடவைகூட நான் அங்கே போனதில்லை. கேவலம், ஒரு மணி இருபது நிமிடப் பயணம்.

கடையில் பதினாலு கதிரைகள். அடுப்படியில் நின்ற கடைக்கார அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். சிலாக்கிலேஸ் ஒன்று, முட்டையும் கோழியும் வேண்டாம், கட்டித் தாருங்கள் என்றேன். நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். எங்கள் தமிழில் தருகிறேன்.

"சிவப்புச் சோஸில இறைச்சித் தண்ணி இல்லை, அது உங்களுக்குச் சரி. ஆனா இதை நான் கட்டித் தாறதில்லை" என்றார். "சோஸில பிரட்டின உடனே சாப்பிட வேணும். இல்லாட்டிக் களியாப் போயிடும். அந்தா மேசை, இருங்கோ."

"நான் சாப்பிட ஏலாது."

"சாப்பிட ஏலாட்டி ஏன் வந்தனீங்கள்?"

நியாயமான கேள்வி. படையலுக்கு வைக்கிற சாப்பாட்டை முதலில் வேறு யாரும் வாயில் வைக்கக்கூடாது; உப்புக்கூடப் பார்க்காமல் சமைக்கிற வீடு எங்களுடையது. இதை ஆங்கிலத்தில் விளக்கத் தெரியாமல் போனை எடுத்து அண்ணனின் படத்தைக் காட்டினேன்.

அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "பாண்காரர்! எங்க அவர்? கன நாளாக் காணேல்லை."

ஒரு வருடமாக அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நான்தான் என்று அப்போதுதான் உறைத்தது. சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து எனக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"அப்ப நீங்கள்தான் அந்தத் தம்பி" என்றார். "என்ர தம்பிக்கு ரொறொன்ரோவில இருக்கிற பஸ் எல்லாம் பாடம், இந்தக் கடைக்கு மட்டும் வழி தெரியாது எண்டு சொல்லிச் சிரிப்பார்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கத்தில் வந்த அழுகை என்றுதான் சொல்ல வேண்டும்.

தங்கள் வீட்டிலும் இறந்தவர்களுக்குச் சாப்பாடு வைப்பதுண்டு, ஆனால் ஆறினதை வைப்பதில்லை என்றார். பிறகு தன் சட்டத்தைத் தானே வளைத்தார். பொரித்த துண்டுகளைக் கடதாசிப் பையிலும், சோஸை ஒரு போத்தலிலும், சீஸையும் வெங்காயத்தையும் சின்னப் பெட்டியிலும் தனித்தனியாகத் தந்தார். "சோஸைக் கொதிக்க வைச்சு, எல்லாரும் வந்து இருந்த பிறகு ஊத்துங்கோ. முதலே ஊத்திப் போடாதேங்கோ." விலை 18.50. முழுக்காசும் வாங்கிக்கொண்டார். அது எனக்கு ஆறுதலாகவே இருந்தது.

9:55க்கு மறுபடி சப்வே. இரண்டு மணிநேரம் தாண்டிவிட்டதால் இன்னொரு 3.30. கிப்ளிங் நிலையத்தில் இறங்கி வடக்கே போகும் 45 பஸ். ரெக்ஸ்டேலில் அண்ணி வீட்டு வாசலில் நிற்கும்போது மணி 11:04. வழி முழுவதும் பையை மடியில் வைத்திருந்தேன்.

வாழையிலையில் சோறு, கறிகள், வடை, பாயசம். அண்ணி சோஸைச் சூடாக்கித் தர, கடைசியில் நான் ஊற்றினேன். கற்பூரம் காட்டினோம். பிறகு வழமைபோல, அவர் ஆறுதலாகச் சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தோம். பத்து நிமிடம். கதவடியில் நிற்கும்போதுதான் அந்த அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. அவ்வளவு கவனமாகக் கொண்டுவந்து, பத்து நிமிடம் ஊற விட்டுவிட்டேன்.

"களியாப் போயிருக்கும் அண்ணி" என்றேன்.

அண்ணி கதவைப் பார்த்தபடி நின்றார். "உந்தச் சாப்பாட்டைத்தானே ஆஸ்பத்திரியில கேட்டவர்?"

எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். "ஓம். உங்களிட்டையும் கேட்டவரே?"

"நான் வாங்கியரட்டோ எண்டு கேட்டனான். வேண்டாம், தம்பி கொண்டருவான், பொறு எண்டவர்."

கதவைத் திறந்தோம். நான்தான் முதலில் எடுத்தேன். துண்டுகள் எல்லாம் நைந்து போயிருந்தன. புளிப்பும் உறைப்பும் நன்றாகத்தான் இருந்தன.

போக நினைப்பவர்களுக்கு: சனிக்கிழமை ஒன்பது மணிக்கே போய்விடுங்கள், பத்தரைக்குப் பிறகு வரிசை. சைவக்காரர் சிவப்புச் சோஸ் கேளுங்கள். பச்சையில் கோழித் தண்ணீர் சேர்க்கிறார்கள். ஒரு தட்டு இரண்டு பேருக்குக் காணும், ஆகவே யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். தட்டு வந்ததும் படம் எடுத்துக்கொண்டிருக்காமல் சாப்பிடுங்கள்.

இன்னொரு நேரத்தையும் குறித்து வைத்திருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை மறுபடி போனேன். மேசையில் உட்கார்ந்து ஒரு தட்டு மொறுமொறுப்பாகச் சாப்பிட்டேன். பிறகு இன்னொன்றைத் தனித்தனியாகக் கட்டி வாங்கிக்கொண்டு, அன்று கொண்டுபோயிருந்தால் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று அண்ணன் இருந்த மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்தேன். ஆறு நிமிட நடை, சப்வே, மறுபடி நடை. வாசலுக்குப் போகும்போது இருபத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது. சோஸ் போத்தல் கையில் இன்னும் சூடாகவே இருந்தது.