ஒன்றரைப் படி பிளம்ஸ் பருப்பு

1. முதல் நாள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மிஷன் பங்களாவில் சமையல் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஒரு கூடைப் பழத்தைக் கழுவச் சொன்னார்கள். கறுஞ்சிவப்பு நிறம், எலுமிச்சை அளவு, மேலே சாம்பல் பூத்தது போல ஒரு படலம். நான் அதற்கு முன் அந்தப் பழத்தைப் பார்த்ததில்லை. நாவல்பழத்தில் பெரிய ரகம் போலிருக்கிறது என்று ஒன்றை வாயில் போட்டேன். புளிப்பில் கண் தானாக மூடிக்கொண்டது.

"இது பிளம்ஸ். கொடைக்கானல்ல இருந்து வந்திருக்கு. பச்சையாத் தின்னா பல் கூசும். ஜாம் போடணும்" என்றார் துரைசாணி அம்மா. நம் ஊரில் பல வருடம் இருந்தவர். வெள்ளைக்காரர்தான், ஆனால் தமிழ் நன்றாகப் பேசுவார்.

ஜாம் போட அவரிடம்தான் கற்றேன். பித்தளையில் வைத்தால் புளிப்புக்குக் களிம்பு ஏறிவிடும், அதனால் எனாமல் பாத்திரம். பழம் வெந்து குழைந்ததும் கொட்டை மேலே மிதந்து வரும். சல்லிக்கரண்டியால் அள்ளிவிட்டுச் சர்க்கரை போட வேண்டும். பதம் பார்க்க ஒரு சொட்டைக் குளிர்ந்த பிளேட்டில் விட்டு விரலால் தள்ளினால் சொட்டின் மேல் ஆடை போலச் சுருங்க வேண்டும். சுருங்கினால் ஜாம் செட் ஆகிவிட்டது.

கடைசியில் அந்த அம்மா கொஞ்சம் கொட்டைகளைச் சுத்தியலால் உடைத்து, உள்ளே இருந்த பருப்பை எடுத்து, பாட்டிலுக்கு இரண்டு வீதம் போட்டார். மறுநாள் மூடியைத் திறந்தால் பாதாம் வாசனை ஆளைத் தூக்கியது.

"இன்னும் ரெண்டு போடலாமாம்மா?" என்று கேட்டேன்.

"ரெண்டு போதும். மூணு வேண்டாம்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. வாசனை தூக்கலாகிவிடும் என்பதற்காகச் சொல்கிறார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். இளம் சமையற்காரர்கள் இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதால் வந்ததுதான் பின்னால் சொல்லப்போவது எல்லாம்.

2. மில் கெஸ்ட் ஹவுஸ்

துரைசாணி அம்மா சீமைக்குத் திரும்பிப் போன பிறகு ராஜபாளையத்தில் ஒரு மில்லின் கெஸ்ட் ஹவுசில் எனக்கு வேலை கிடைத்தது. முதலாளி வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். எங்களிடம் தமிழ். அதிகம் பேசாதவர், ஆனால் சாப்பிட்ட தட்டைத் தள்ளும்போது "நல்லாருந்ததய்யா" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்திருக்க மாட்டார். அதற்காகவே அவருக்கு உழைக்கலாம்.

அவருக்குக் கொடைக்கானலில் ஒரு வீடு இருந்தது. ஒவ்வொரு சீசனிலும் பிளம்ஸும் பீச்சும் கூடை கூடையாக ரயிலில் வந்து இறங்கும். பிளம்ஸை ஜாம் போடுவேன். பீச்சை வெந்நீரில் முக்கித் தோலை உரித்துப் பாகில் போடுவேன். உள்ளூர் சப்பட்டை மாம்பழமும் அதே சமயத்தில் வந்துவிடும். ஆக ஆனி மாதம் முழுக்க எனக்குக் கொட்டையோடுதான் வாழ்க்கை.

கெஸ்ட் ஹவுசுக்குப் பால் ஊற்றியவர் பேச்சியம்மாள் அக்கா. மில்லுக்குப் பின்னால் உள்ள தெருவில் வீடு. இரண்டு பசுவும் ஒரு வெள்ளாடும் வைத்திருந்தார். பிறந்த ஊர் கான்சாபுரம். புருஷன் இறந்த பிறகு பால்தான் பிழைப்பு, அதிலும் கெஸ்ட் ஹவுஸ் வாடிக்கைதான் பெரியது. பால் அளந்துவிட்டுப் போகும்போது சமையலறைக் கழிவை ஒரு வாளியில் ஆட்டுக்கு எடுத்துப் போவார்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம். மில்லில் புதிதாக ஒரு ஷெட் திறப்பதாக ஏற்பாடு. சாயங்காலம் நாலு மணிக்கு முப்பது பேருக்கு டிபன். மதுரையிலிருந்து இன்ஜினியர்கள் குடும்பத்தோடு வருகிறார்கள். முதலாளியின் மகள் பேறுகாலத்துக்குத் தாய்வீடு வந்திருந்தார், அவரும் வருவார். முதலாளி போட்ட மெனுவில் பாதாம் பால் இருந்தது.

கெஸ்ட் ஹவுஸ் மேனேஜர் சுந்தரம் கையை விரித்தார். "விருதுநகர்ல கேட்டாச்சு, மதுரையில கேட்டாச்சு. பாதாம் இல்லைங்கிறான். முதலாளிகிட்ட மாத்திச் சொல்லிருவோமா?"

"மாத்த வேண்டாம் சார். எங்கிட்ட விட்ருங்க" என்றேன்.

இரண்டு சீசன் கொட்டைகளை நான் காயவைத்துச் சாக்கில் கட்டி வைத்திருந்தேன். நாலு மத்தியானம் உட்கார்ந்து உடைத்தேன். பிளம்ஸும் பீச்சும் சேர்ந்து ஒன்றரைப் படி பருப்பு தேறியது. பாதாம் பருப்புக்குத் தம்பி மாதிரி இருந்தது. கொஞ்சம் எடுத்து அரைத்துப் பாலில் கொதிக்க வைத்துப் பார்த்தேன். கொதிக்கக் கொதிக்க வாசனை போய்விட்டது. வாசனைக்குத்தானே இவ்வளவு பாடு? அதனால் பாலை மட்டும் காய்ச்சி ஆற்றி, பருப்பைப் பச்சையாக அரைத்துப் பிழிந்து ஊற்றி, ஐஸில் வைப்பது என்று தீர்மானித்தேன். இப்படி ஒரு யோசனை யாருக்கு வரும் என்று எனக்கு என் மேலேயே மதிப்பு வந்துவிட்டது.

3. அந்த மத்தியானம்

திறப்பு விழா அன்று காலையில் பருப்பை ஊறவைத்து நானே அரைத்தேன். மதுரையிலிருந்து மரத்தூளில் புதைத்து ஐஸ் வந்திருந்தது. துணியில் பிழிந்து பாலில் கலந்து, சர்க்கரையும் குங்குமப்பூவும் போட்டு, ஒரு கரண்டி ருசி பார்த்தேன். லேசான கசப்பு. சர்க்கரையைக் கூட்டினேன். சரியாகிவிட்டது. தலை கொஞ்சம் வலித்தது, அடுப்புச் சூடு என்று விட்டுவிட்டேன்.

பேச்சியம்மாள் அக்கா மத்தியானப் பால் கொண்டு வந்தார். பிழிந்த சக்கையை அவர் வாளியில் போட்டேன்.

"நல்ல சத்துக்கா. பாதாம் மாதிரி. பிழிஞ்சு விருந்துப் பால்ல கலந்துட்டேன். சக்கையை ஆட்டுக்கு வைங்க."

"எங்க ஆட்டுக்கு வந்த வாழ்வு" என்று சிரித்துக்கொண்டே போனார்.

முக்கால் மணி நேரம் இருக்கும். முப்பது தம்ளர்களைக் கழுவித் துடைத்து வரிசையாக வைத்துவிட்டேன். பின்வாசலில் அவர் மூச்சு வாங்க நின்றார். தலையில் முந்தானை இல்லை, காலில் சேறு.

"தம்பி, நீ குடுத்த சக்கை எதுல உள்ளது?"

"ஏன்க்கா?"

"அதைத் தின்ன ஆடு விழுந்துருச்சு. நுரை தள்ளுது, மூச்சுக்குத் தவிக்குது. ஈறு ரத்தமாச் செவந்து கெடக்கு. வாடுன சோளப்பயிரைத் தின்னா மாடு இப்படித்தான் விழும். கான்சாபுரத்துல எங்கய்யா ரெண்டு உழவுமாட்டை அப்படிப் பறிகுடுத்தாரு. நான் கண்ணால பாத்தவ. அதைப் பிழிஞ்சு பால்ல கலந்தேன்னியே, யாருக்கும் ஊத்தாத."

"ஆடு செத்துப்போச்சாக்கா?"

"இன்னும் இல்ல. துடிச்சுக்கிட்டு கெடக்கு. விட்டுட்டுத்தான் ஓடியாரேன்."

மேனேஜர் சுந்தரம் சத்தம் கேட்டு வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது.

"ஆடு எந்த வேலியை மேஞ்சுச்சோ. நீ ருசி பாத்தேல்ல?"

"பாத்தேன் சார்."

"உனக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல."

"பின்ன என்ன? நாலு மணிக்கு ஆள்கள் வந்துருவாங்கப்பா."

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. இத்தனை நாள் உழைப்பு வேறு. தம்ளர்களைப் பார்த்தபடி நின்றேன். அப்போதுதான் 'ரெண்டு போதும், மூணு வேண்டாம்' என்று துரைசாணி அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. அவர் சொன்னது ருசிக்காக இல்லையோ என்று முதல் முறையாகத் தோன்றியது. பேச்சியம்மாள் அக்கா வாசலை விட்டு நகரவில்லை. துடிக்கிற ஆட்டை விட்டுவிட்டு, தனக்கு யாரென்றே தெரியாத முப்பது பேருக்காக வந்து நிற்கிறார். அது பொய்யாக இருக்க முடியாது.

அண்டாவை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினோம், நானும் அவரும். கக்கூஸ் குழியில் கொண்டுபோய்க் கொட்டினோம். சுந்தரம் தடுக்கவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அக்கா அப்படியே வீட்டுக்கு ஓடினார்.

மணி மூன்று. நாற்பது சப்பட்டை மாம்பழம் கூடையில் இருந்தது. பிழிந்து, நார் போக வடிகட்டி, வெல்லத் தண்ணீரும் ஏலக்காயும் சுக்கும் சேர்த்து ஐஸில் வைத்தேன். விருந்தாளிகள் இரண்டாவது தம்ளர் கேட்டார்கள். இன்ஜினியர் வீட்டுப் பிள்ளைகள் உதட்டில் மஞ்சள் மீசையோடு ஓடித் திரிந்தன.

4. ஒரு பொய்

ஆட்கள் கலைந்ததும் முதலாளி கேட்டார். "ஏமய்யா, பாதாம் பால்னுதானே பேச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் சுந்தரம் முந்திக்கொண்டார். "பால் திரிஞ்சு போச்சுங்க. கடைசி நேரத்துல மாத்த வேண்டியதாப் போச்சு."

"திரிஞ்ச பாலா ஊத்துறா அந்தப் பால்காரி? அப்போ நாளையில இருந்து வேற ஆளைப் பாருங்க."

முதலாளி எழுந்து போய்விட்டார். சுந்தரம் என் தோளைத் தட்டினார். "உன்னைக் காப்பாத்தத்தான் சொன்னேன். என்னையும்தான். அந்தம்மாகிட்ட நீயே பக்குவமாச் சொல்லிரு."

அவர் கெட்ட மனிதர் அல்ல. பயந்துவிட்டார். நானும் பயந்துதான் பேசாமல் நின்றேன். ஆனால் நின்றது நின்றதுதான்.

பொழுது சாயும் நேரத்தில் அக்கா வீட்டுக்குப் போனேன். கொல்லையில் ஆட்டைப் புதைத்துவிட்டு, மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். இரண்டு குட்டிகள் தாயைத் தேடிக் கத்திக்கொண்டிருந்தன.

"வா தம்பி. அங்க யாருக்கும் ஒண்ணும் இல்லையே?"

"இல்லக்கா."

"அம்புட்டுப் போதும். செத்த நேரம் உக்காரு. காப்பித்தண்ணி போடுதேன்."

எனக்கு அந்த வீட்டில் உட்கார முடியவில்லை. வாரேன் என்று சொல்லிவிட்டு நேராக முதலாளி வீட்டுக்கு நடந்தேன்.

அவர் வராந்தாவில் மகளோடு பேசிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கொட்டை சேர்த்தது, பச்சையாக அரைத்தது, ஆடு செத்தது, அக்கா ஓடி வந்தது, பால் திரியவே இல்லை என்பது. சுந்தரத்தின் பேரை இழுக்காமல், பொய்யும் என்னுடையதுதான் என்றேன்.

முதலாளி உடனே ஆள் அனுப்பி மில் டாக்டரை வரவழைத்தார். டாக்டர் என்னிடம் அளவு கேட்டார். சொன்னேன்.

"சரிதான். அந்தக் கொட்டைப் பருப்புல விஷம் இருக்கு. கொதிக்க வச்சா பெரும்பாலும் போயிரும், இவன் பச்சையா ஊத்தியிருக்கான். பெரியவங்க வாந்தி, மயக்கத்தோட தப்பியிருக்கலாம். பிள்ளைகளைச் சொல்ல முடியாது" என்றவர், மகள் பக்கம் திரும்பிவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

பிறகு முதலாளி கேட்டார்.

"நீ சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதே. ஏன் வந்து சொன்னே?"

"அந்தக்கா பால்ல குத்தம் இல்ல முதலாளி. அவிய வரலேன்னா நான் ஊத்தியிருப்பேன். வேலையை விட்டு நிறுத்துறதுன்னா என்னைத்தான் நிறுத்தணும்."

"உன்னை நிறுத்துனா அடுத்தவன் இதைத் தெரியாமத்தான் வருவான். நீ இனி செய்ய மாட்டே. போய் வேலையைப் பாரு."

இன்றைக்கு நினைத்தாலும் அந்த மனிதருக்குக் கை கூப்பத் தோன்றுகிறது.

மறுநாள் காலையில் அவரும் மகளும் நடந்தே பேச்சியம்மாள் அக்கா வீட்டுக்குப் போனார்கள். நான் பின்னால் போனேன். அந்தப் பெண் அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு தெலுங்கில் ஏதோ சொல்லி அழுதார். அக்காவுக்குப் பாஷை புரியவில்லை, விஷயம் புரிந்தது. "அழக் கூடாது தாயி, இந்த நேரத்துல" என்று கண்ணைத் துடைத்துவிட்டார்.

என்ன வேண்டும் என்று முதலாளி கேட்டார்.

"ஒரு குழி வெட்டி அந்தக் கொட்டையை எல்லாம் ஆழமாப் பொதைச்சிருங்கய்யா. எங்க தெருவுல இன்னும் நெறைய ஆடு இருக்கு."

அன்றைக்கே குழி வெட்டினோம். ஒரு பால் ஆட்டையும் முதலாளி அனுப்பி வைத்தார். புது ஆடு அந்தக் குட்டிகளைச் சேர்த்துக்கொள்ள ஒரு வாரம் ஆனது. அதுவரை கெஸ்ட் ஹவுஸ் பாலை எடுத்துப் போய்ச் சங்கில் நான்தான் புகட்டினேன். சுந்தரமும் ஒரு நாள் வந்து உட்கார்ந்து ஒரு குட்டியைப் பிடித்துக்கொண்டார்.

5. அடுத்த சீசன்

அடுத்த ஆனியில் பிளம்ஸ் கூடை வந்தபோது தொடவே கூசியது. முதலாளி "ஜாம் இல்லையா இந்த வருஷம்?" என்று கேட்ட பிறகுதான் அடுப்பில் ஏற்றினேன். பாட்டிலுக்கு இரண்டு பருப்பு போடுவதையும் விட்டுவிட்டேன். வாசனை கொஞ்சம் குறைவு. யாரும் குறை சொல்லவில்லை.

முதல் பாட்டிலைப் பேச்சியம்மாள் அக்காவிடம் கொண்டுபோனேன். வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் தயங்குகிறார் என்று நினைத்து நான் ஒரு கரண்டி எடுத்து வாயில் போடப் போனேன். கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நீ தின்னு காட்டி என்ன தெரியப்போவுது? போன வருஷமும் ருசி பாத்துட்டுத்தான் வச்சிருந்த. உள்ள என்ன போட்டன்னு சொல்லு."

"பழம், சர்க்கரை, எலுமிச்சஞ்சாறு."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தாங்க்கா."

அவர் விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டார். கண் சுருங்கியது. "புளிக்குது. ஆனா நல்லாருக்கு தம்பி" என்று இன்னொரு தரம் தொட்டார்.

அதற்குப் பிறகு எத்தனையோ சமையலறைகளில் வேலை பார்த்துவிட்டேன். ருசி பார்ப்பது நாக்குக்குப் பிடிக்கிறதா என்பதை மட்டும்தான் சமையற்காரனுக்குச் சொல்லும். ஒரு கரண்டியில் தெரியாதது ஒரு தம்ளரில் தெரியும், அப்போது தெரிந்து பயனில்லை. பழக்கமில்லாத எதையும் ஏன், எவ்வளவு என்று விவரம் தெரிந்தவர்களிடம் கேட்காமல் நான் பாத்திரத்தில் போடுவதில்லை. சாப்பிடுகிறவர் கேட்பதற்கு முன்பே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

முதலாளியின் மகளுக்கு முந்தின வருஷம் ஆவணியில் ஆண்குழந்தை பிறந்திருந்தது; அந்த ஆனியில் குழந்தையோடு தாய்வீட்டில் இருந்தார். ஜாம் கொண்டுபோன அன்று நான் கிளம்பும்போது பேச்சியம்மாள் அக்கா அந்தக் குழந்தைக்குத்தான் பால் எடுத்துப் போய்க்கொண்டிருந்தார்.