மாப்பிள்ளையின் சட்டையில் பச்சைத் தேனீக்கள்

பனாமா காட்டோரச் சிற்றூரான லாஸ் பால்மித்தாஸில் நெரெய்தாவின் வேலையைக் கேட்டால் சிரிப்பார்கள். யூகலிப்டஸ் போன்ற வாசனை எண்ணெயில் நனைத்த காகிதங்களை மரங்களில் கட்டிவிட்டு, தேடி வரும் ஆர்க்கிட் தேனீக்களை எண்ணி ஆராய்ச்சியாளர்களுக்குச் சொல்வாள். எட்டு வருடமாக அதுதான் பிழைப்பு.

அவளுடைய கல்யாணத்தன்று மாப்பிள்ளை பவுதிலியோவுக்குக் கடுஞ்சளி. படகோட்டியான அவன் நெஞ்சு நிறைய யூகலிப்டஸ் தைலம் தடவிக்கொண்டு தேவாலயத்துக்கு வந்தான். பாதிரியார் பேசத் தொடங்கியதும், திறந்திருந்த கதவு வழியாக மரகதப் பச்சையில் மின்னும் ஆர்க்கிட் தேனீக்கள் வந்து அவன் சட்டையில் மொய்த்தன. முன்வரிசை காலியானது.

"அசையாத. எல்லாம் ஆம்பளத் தேனீ, கொட்டாது" என்றாள் நெரெய்தா.

"ஆம்பளைக்கு இவன்கிட்ட என்னடி வேலை?" தூணுக்குப் பின்னாலிருந்து மாப்பிள்ளையின் அத்தை எஸ்கோலாஸ்திகா கேட்டாள்.

"வாசனையைச் சுரண்டிப் பின்னங்கால்ல சேர்த்து வெச்சுக்கும் அத்தை. அதை வெச்சுத்தான் பொண்ணை மயக்கும்."

"நம்ம பையனும் அதுக்குத்தான் தடவிட்டு வந்தானா?"

"சளிக்குத் தடவுனேன் அத்தை" என்று பவுதிலியோ முனகினான். கூட்டம் சிரித்தது.

"இவரை ஏற்றுக்கொள்கிறாயா?" என்றார் பாதிரியார்.

"ஒரு நிமிஷம் ஃபாதர். பதினாலு, பதினஞ்சு..."

"நிதானமா எண்ணு. நான் எங்கயும் ஓடிட மாட்டேன்" என்றான் பவுதிலியோ.

பத்தொன்பதில் முடித்துவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தபடி அவள் சம்மதம் சொன்னாள். விருந்தில் எஸ்கோலாஸ்திகா அவளருகே வந்து, "அந்தத் தைலம் கொஞ்சம் மிச்சம் இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.