சிராங்கு சேவியருக்கு வைத்த கண்

1. இரண்டு வெள்ளை

சேவியரின் படத்தில் மீசை முடிந்துவிட்டது. சட்டைக் காலர், கழுத்துச் செயின், காதோர நரை எல்லாம் முடிந்துவிட்டன. கண் மட்டும் இல்லை. அந்த இடத்தில் கேன்வாஸின் வெள்ளை இரண்டு பாதாம் பருப்பு அளவுக்குத் தெரிந்தது. அவருடைய கல்யாண வெள்ளிவிழாவுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. ஆயில் கலரோ அவ்வளவு சீக்கிரம் காயாது.

நான் தூத்துக்குடி துறைமுகத்தில் கப்பலுக்குப் பெயர் எழுதும் பெயின்டராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது மாடி அறையில் சின்னச் சின்னப் படங்களாகப் போடுகிறேன். சுவரில் எப்போதும் பாதி முடிந்தவை நாலைந்து தொங்கும்: ஒரு கட்டு ஆத்தூர் வெற்றிலை, பாய் இல்லாத ஒரு தோணி, கால் வரையாமல் விட்ட ஓர் ஆடு. ஒன்றில் ஒரு கோட் அடித்து, அது காயும்வரை அடுத்ததில் கை வைப்பேன். ஆளை உட்கார வைத்து வரைவது அபூர்வம். போட்டோவைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

சேவியருக்கு அந்த வழி இல்லை. புன்னைக்காயல்காரர், துறைமுகத்தில் கப்பலை இழுக்கும் டக் படகில் ஆட்களை நடத்தும் சிராங்கு. எத்தனை கயிறு அறுந்தாலும் அசராதவர், கேமராவைக் கண்டால் மட்டும் கண்ணை மூடிவிடுவார். அவர் மனைவி பிலோமி செல்போனில் ஒவ்வொரு போட்டோவாகத் தள்ளிக் காட்டினார். ஆதார் கார்டில் மட்டும் ஒரு கண் பாதி திறந்திருந்தது.

"கல்யாண போட்டோவப் பாருங்க அண்ணாச்சி. ஒறங்கிட்டே தாலி கட்டுன மாதிரி இருக்கு. வெள்ளிவிழாவுக்காவது கண்ணு தெறந்த படம் ஒண்ணு வேணும்" என்றார்.

2. கடல் காற்று செய்த வேலை

சேவியர் டியூட்டி முடிந்து நேரே என் அறைக்கு வருவார். நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். ஜன்னல் வழியாகக் கடல் காற்று வரும். நான் பேலட்டில் நீலமும் வெள்ளையும் குழைத்துத் திரும்பும்போது தலை சாய்ந்திருக்கும்.

டீ கொடுத்தேன். டம்ளரைக் கையில் பிடித்தபடியே தூங்கினார். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. மக்ரூன் கொடுத்தேன். அதை வாயில் ஒதுக்கிக்கொண்டு தூங்கினார். பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டே எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னார்.

"படகுல நின்னா ராத்திரி முழுக்கக் கண்ணு அசராது அண்ணாச்சி. இங்கன வந்து உக்காந்தாத்தான் இப்படி ஆகுது" என்று வருத்தப்பட்டார். அதைச் சொல்லும்போதும் கண் மூடித்தான் இருந்தது.

வேறு வழியில்லாமல் மற்றதையெல்லாம் முடித்தேன். படம் எப்படி வருகிறது என்று பார்க்க ஒருநாள் பிலோமியும் கூடவே வந்தார். வெள்ளையாக இருந்த இரண்டு இடங்களையும் பார்த்து வாயில் கையை வைத்துக்கொண்டார். கண்ணை மூடியபடியே வரைந்துவிடட்டுமா என்று கேட்டேன். அப்படியென்றால் மாலையும் ஊதுபத்தியும் சேர்த்தே வாங்கி வைத்துவிடலாம் என்றார்.

பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். "என் கண்ண வச்சிருங்க. இத்தன வருசமா ஒரே வீட்ல இருக்கோம். யாரு கண்ணா இருந்தா என்ன?"

எனக்கும் அது சரியாகவே பட்டது. சின்ன பிரஷ்ஷை எடுத்தேன். அந்த நேரம் பார்த்து, பின்னால் நாற்காலியில் இருந்த சேவியர் குறட்டை விட ஆரம்பித்தார். பிலோமி திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அதே பார்வையோடு என் பக்கம் திரும்பினார். நான் கண்ணால் கண்டதைக் கையால் போடுகிறவன். அப்படியே போட்டேன்.

3. பங்குக் கோயில் மண்டபத்தில்

வெள்ளிவிழா அன்று, ஈரம் காயாததால் யாரும் தொட்டுவிடாதபடி படத்தை மேடைக்குப் பக்கத்தில் உயரமாக மாட்டியிருந்தார்கள். மீசை அவருடையதுதான். நெற்றியும் அவருடையதுதான். ஆனால் மண்டபத்தில் எங்கே நின்றாலும் பிலோமி முறைப்பதுபோல் இருந்தது. இன்னொரு கறித்துண்டுக்குக் கை நீட்டிய சேவியரின் தம்பி, நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்து நின்றேன். காசு கொடுத்துக் கேட்ட படத்தைக் கெடுத்துவிட்டேனோ என்று பட்டது.

சேவியர் படத்துக்கு முன்னால் வந்து நின்றார். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார். கண் இரண்டும் அகல விரிந்தன. பக்கத்தில் நின்ற மனைவியை விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்துக் கேட்டார்:

"ஏளா, நான் இப்ப என்ன செஞ்சேன்?"

மண்டபமே சிரித்தது. பிலோமி சிரித்துச் சிரித்துக் கண்ணீரை முந்தானையில் துடைத்தார். அப்போதுதான் அந்தக் கண்ணில் கோபத்துக்கு அடியில் இத்தனை சிரிப்பு இருந்ததை நான் தவறவிட்டது தெரிந்தது. படத்தைத் திருத்தித் தருகிறேன் என்று போய்ச் சொன்னேன். ஒரு புள்ளிகூட மாற்றக்கூடாது என்று பிலோமி சொல்லிவிட்டார்.

இப்போது அது அவர்கள் வீட்டு ஹாலில், சேவியர் படுக்கும் கட்டிலுக்கு நேர் எதிரே இருக்கிறது. அவர் கட்டிலைத் திருப்பிப் போட்டுக்கொண்டதாகக் கேள்வி.

அன்று பந்தி முடிவதற்குள் புன்னைக்காயல் பெண்கள் சிலர் என்னிடம் வந்தார்கள். தங்கள் வீட்டுக்காரருக்கும் இதேபோல் ஒரு படம் வேண்டும் என்றார்கள். கண்ணுக்கு யார் உட்காருவது என்பதை என்னிடம் கேட்கவே இல்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லுவேன். ஆளை உட்கார வைத்ததும் முதலில் கண்ணைப் போட்டுவிடுங்கள். மீசை எங்கேயும் ஓடிப்போகாது.