சுவிட்சில் தொங்கிய தொப்பி

நான் பொய்யே சொல்லாதவன் இல்லை. ஒரு பெரிய பொய் சொல்லியிருக்கிறேன், அதையும் சொல்கிறேன். ஆனால் இது சத்தியமாக நடந்தது.

பாக்லுங் மலையில் எங்கள் ஓடைத் தண்ணீரில் கரண்ட் எடுத்து எண்பது வீடுகளுக்கு விளக்கெரிக்கிறோம். பகலில் அதே தண்ணீர் மாவு மில்லை ஓட்டும். சாயங்காலம் மெயின் சுவிட்சைப் போடுவது என் வேலை. லைன்மேன் மன்பகதூர் கம்பத்தில் ஏறுமுன் தன் தொப்பியைச் சுவிட்சின் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போவான். இறங்கி வந்து அவனேதான் எடுக்க வேண்டும். அதுவரை தொப்பியையோ சுவிட்சையோ வேறு யாரும் தொடக்கூடாது.

போன பங்குனியில் ஊரில் ஒரு கல்யாணம். பாட்டு ஓடவில்லை என்று ஆளாளுக்குப் போனில் கத்தினார்கள். தொப்பி தொங்கியது. மறந்துவிட்டுக் கல்யாண வீட்டுக்குக் குடிக்கப் போய்விட்டான் என்று நினைத்தேன். எடுத்தேன். சுவிட்சைப் போட்டேன்.

அவன் கம்பத்தின் மேல் இருந்தான்.

"தொப்பியே மாட்டலை" என்றேன். அவன் மனைவி பிம்கலா கேட்டாள், "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கண்ணே, அவரு மறக்கிற ஆளா?" ஆமென்று தலையை ஆட்டினேன். குடித்துவிட்டு ஏறியிருப்பான் என்று ஊர் பேசியது. பாவி நான், கேட்டுக்கொண்டே இருந்தேன். தொப்பியை அவன் சட்டைக்குள் செருகியவனும் நான்தான். சிதையில் அவனோடு சேர்ந்து எரிந்தது.

ஆடி மாதம். அன்று பகலெல்லாம் பேய்மழை. மாலை 6.52. கைப்பிடிக்குக் கை நீட்டினேன்...

தொப்பி.

சிவப்பும் பச்சையுமாய், அதே தொப்பி. தொட்டேன். சூடாக இருந்தது.

போன் அடித்தது.

"என்னண்ணே, குறட்டையா? சீரியல் போகுது, போடு!"

"முடியாது."

"ஏன்?"

போனை வைத்தேன்.

6.58. டக்... டக்... முதுகுக்குப் பின்னால் யாரோ செருப்பை உதறும் சத்தம். திரும்பவில்லை.

"மன்னிச்சிருடா..."

சத்தம் நின்றது.

7.04. கீழே வயலில் கூச்சல். நிமிர்ந்தேன். கைப்பிடியில் ஒன்றும் இல்லை.

சுவிட்சைப் போடாமலே ஓடினேன். கிளை முறிந்து மின்கம்பி வயல் தண்ணீரில் கிடந்தது. ஆட்டின் காலில் சுற்றிய கம்பியை மன்பகதூரின் ஆறு வயது மகள் ஜுனு வெறுங்கையால் பிரித்து எடுத்திருக்கிறாள். பத்து நிமிடத்துக்கு மேல்.

பிம்கலா அவளை இறுக்கிக்கொண்டாள். "பயமா இல்லையாடி உனக்கு?"

"அப்பா வந்தாரும்மா. தொப்பி மாட்டிட்டேன், மெதுவா எடுன்னாரு."

பிம்கலா அவள் தோளைப் பிடித்தாள்.

"வேற... வேற என்ன சொன்னாரு?"

ஜுனு என்னைப் பார்த்தாள்.

"இந்தத் தடவை மாமா எடுக்க மாட்டாருன்னாரு."

பிம்கலா மெல்ல என் பக்கம் திரும்பினாள்.